ஆற்றங்கரை சஃபாரி லாட்ஜில் சாப்பாடு: மணியையும் மெனுவையும் பில்லையும் தீர்மானிப்பது எது?

போட்ஸ்வானாவின் கசானேயில் சோபே ஆற்றங்கரையில் இரண்டு லாட்ஜுகளுக்கு விலை கேட்டால், ஒன்றின் கட்டணம் மற்றொன்றைப் போல இரண்டு மடங்கு இருக்கலாம். இரண்டிலும் அதே ஆறு, அதே யானைக் கூட்டம், பார்த்தால் ஒரே மாதிரியான மரத் தளம். வித்தியாசத்தில் பெரும்பங்கு சாப்பாட்டைச் சுற்றியே இருக்கிறது. அது மட்டும் இல்லை. இரவுச் சாப்பாடு ஏன் மணி அடித்த மாதிரி ஏழரைக்கு? சாப்பிட்டுவிட்டு நூறு அடி தள்ளியிருக்கும் அறைக்குப் போக ஏன் ஒருவர் டார்ச்சோடு கூட வருகிறார்? அறையில் ஆரஞ்சுப்பழம் வைக்கக் கூடாது என்று ஏன் எழுதியிருக்கிறது? இவை லாட்ஜ்காரர்களின் பந்தாவாகத் தோன்றலாம். கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஆறோ, விலங்கோ, கால்நடை வேலியோ, லாரி வரும் தூரமோ இருக்கும்.

இந்தக் கட்டுரை கசானேயை மையமாக வைத்துக்கொள்கிறது. ஜாம்பியாவின் லிவிங்ஸ்டன், ஜிம்பாப்வேயின் விக்டோரியா ஃபால்ஸ், நமீபியாவின் கட்டிமா முலிலோ பக்கத்து லாட்ஜுகளுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

## இடத்தை முதலில் புரிந்துகொள்வோம்

சோபே ஆறு கசானேயைத் தாண்டியதும் கசுங்குலாவில் சாம்பேசியில் சேர்கிறது. போட்ஸ்வானா, நமீபியா, ஜாம்பியா, ஜிம்பாப்வே ஆகிய நான்கு நாடுகளும் கிட்டத்தட்ட ஒரே புள்ளியில் முட்டிக்கொள்ளும் இடம் அது. 2021 மே மாதம் திறக்கப்பட்ட 923 மீட்டர் நீளக் கசுங்குலா பாலம் வருவதற்கு முன், தென்னாப்பிரிக்காவிலிருந்து ஜாம்பியாவுக்குச் சரக்கு ஏற்றி வரும் லாரிகள் மிதவைப் படகுக்காக நாள்கணக்கில் வரிசையில் நின்றன. வட கரை லாட்ஜ்களின் சமையலறைக்கும் அந்த வரிசை ஒரு தலைவலிதான்.

ஆற்றின் நடுவே சேடுடு என்றொரு புல் தீவு. நமீபியா அதைக் கசிக்கிலி என்று அழைத்துச் சொந்தம் கொண்டாடியது. 1999 டிசம்பரில் சர்வதேச நீதிமன்றம் அதைப் போட்ஸ்வானாவுக்குக் கொடுத்தது. மதியம் லாட்ஜ் தளத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது எதிரே காட்டெருமைகள் மேய்வது தெரிந்தால், அது பெரும்பாலும் இந்தத் தீவாக இருக்கும்.

ஆற்றின் நீர்மட்டம் மேசையிலிருந்து கிடைக்கும் காட்சியை மாற்றும். மார்ச் முதல் மே வரை சாம்பேசியில் வெள்ளம் ஏறும். அப்போது அது சோபேயைப் பின்னோக்கித் தள்ளுவதும் உண்டு. சமவெளி நீரில் மூழ்கும். காட்டுக்குள் ஆங்காங்கே குட்டைகளில் தண்ணீர் கிடைப்பதால் விலங்குகள் ஆற்றுக்கு வரவேண்டிய அவசியம் குறையும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை காட்டில் எல்லாக் குட்டையும் வற்றிப்போய், பிற்பகலில் யானைகள் கூட்டம் கூட்டமாக ஆற்றுக்கு இறங்கும். அந்த மாதங்களில் மதியச் சாப்பாட்டைத் தளத்தில் சாப்பிடுவது, காசு கொடுத்துப் போகும் ஒரு சஃபாரிக்குச் சமம். ஏப்ரலில் அதே நாற்காலியில் உட்கார்ந்தால் தண்ணீரும் பறவையும்தான்.

## கட்டண எழுத்துகள்: எதில் என்ன அடக்கம்?

1. பி அண்ட் பி. அறையும் காலைச் சாப்பாடும். கசானே மாதிரி கடைத்தெருவும் வேறு உணவகங்களும் உள்ள ஊரில் இது சரிப்படும். ஊரிலிருந்து 40 கி.மீ. தள்ளியிருக்கும் லாட்ஜில் இதை எடுத்தால் மதியமும் இரவும் அங்கேயே தனிக் காசு கொடுத்துச் சாப்பிட வேண்டியதுதான்.

2. டி.பி.பி. இரவுச் சாப்பாடு, படுக்கை, காலைச் சாப்பாடு. மதியம் கிடையாது. அதிகாலை சஃபாரி முடித்துப் பத்து மணிக்கு வயிறார உண்பவர்களுக்கு மதியம் பெரிதாகத் தேவைப்படாது. அதனால் இது நல்ல பேரம்.

3. ஃபுல் போர்டு. மூன்று வேளையும் உண்டு. ஆனால் குடிக்கும் பொருள்கள் பெரும்பாலும் இதில் சேராது. சில இடங்களில் பாட்டில் தண்ணீர்கூடத் தனி. சஃபாரியும் படகும் தனி. பலர் ஏமாறுவது இங்கேதான். "ஃபுல்" என்ற சொல்லைப் பார்த்து எல்லாம் அடக்கம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

4. ஃபுல்லி இன்குளூசிவ். உணவு, உள்ளூர் மதுவகைகள், தினம் இரண்டு சஃபாரி, துணி துவைப்பது எல்லாம் அடக்கம். இறக்குமதியான உயர்ரக விஸ்கி, ஷாம்பெய்ன் பெரும்பாலும் அடங்காது. பூங்கா நுழைவுக் கட்டணம் சில லாட்ஜ்களில் அடக்கம், சிலவற்றில் பில்லில் தனியாக ஏறும். இதை மட்டும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஒக்கவாங்கோ டெல்டாவுக்குள் சிறு விமானத்தில் மட்டுமே போகக்கூடிய முகாம்களில் நான்காவது வகையைத் தவிர வேறு பெரும்பாலும் இருக்காது. காரணம் எளிது: அங்கே வெளியே போய்ச் சாப்பிட இடமே இல்லை. ஒரு முட்டை உடையாமல் அங்கு போய்ச் சேருவதற்கு ஆகும் செலவும் அறை வாடகையில்தான் ஒளிந்திருக்கிறது.

## ஏன் எல்லாரும் ஒரே நேரத்தில் சாப்பிடுகிறார்கள்?

சோபே தேசியப் பூங்காவுக்குள் இரவு சஃபாரி கிடையாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வண்டிகள் மாலை 6.30-க்குள் வாசலைத் தாண்டி வெளியே வந்துவிட வேண்டும். அக்டோபர் முதல் மார்ச் வரை 7 மணி. காலையில் வாசல் திறப்பது முறையே 6.00, 5.30. படகுகளும் இருட்டுக்குள் கரை சேர வேண்டும். இந்தச் சட்டம்தான் சமையலறையின் கடிகாரம்.

ஜூனில் கசானேயில் சூரியன் ஆறு மணிக்குச் சற்று முன்பே மறைந்துவிடும். டிசம்பரில் ஏழு மணியையொட்டி மறையும். சூரியன் விழுந்தால் அரைமணிக்குள் கும்மிருட்டு. ஆகவே ஒரு நாள் இப்படி ஓடும்:

1. காலை 5.00 – 5.30: எழுப்புதல். காபி, ரஸ்க் மட்டும். இந்த ரஸ்க் நம் ஊர் டீக்கடை ரஸ்க்கைவிடக் கனமானது. மோர் சேர்த்துச் சுட்டு, மறுபடி காய வைத்தது. காபியில் தோய்க்காமல் கடித்தால் பல் வலிக்கும்.
2. 6.00 – 9.30: சஃபாரி. நடுவில் வண்டியை நிறுத்தி ஒரு தேநீர்.
3. 10.00 – 11.00: பெரிய காலைச் சாப்பாடு. முட்டை, பேக்கன், பீன்ஸ், பழம், ரொட்டி.
4. 3.00 – 3.30: மாலைத் தேநீர், கேக், ஏதாவது காரப் பலகாரம்.
5. 3.30 – 6.30: படகு அல்லது வண்டி. சூரியன் மறையும் நேரத்தில் ஆற்று நடுவில் ஒரு கிளாஸ். இதற்கு எல்லாரும் சொல்லும் பெயர் "சன்டவுனர்".
6. 7.30: இரவுச் சாப்பாடு.

மறுநாள் ஐந்துக்கு எழ வேண்டும் என்பதால் ஒன்பதரைக்கு மேசை காலியாகிவிடும். ஒன்பது மணிக்குப் போய் உட்கார்ந்து மெனு கேட்கும் நம் ஊர்ப் பழக்கம் இங்கே செல்லாது. பரிமாறுகிறவர்கள் தங்கும் குடியிருப்பும் அதே காட்டுக்குள்தான் இருக்கிறது. அவர்களும் பத்திரமாகத் திரும்ப வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. நமீபியக் கரையில் உள்ள இம்பலிலா தீவு லாட்ஜ்களுக்குக் கசானேயில் போட்ஸ்வானா வெளியேறும் முத்திரை வாங்கி, படகில் கடந்து, அக்கரையில் நமீபிய முத்திரை வாங்க வேண்டும். குடியேற்ற அலுவலகம் இருட்டும்வரை திறந்திருக்காது. விமானம் தாமதமாகி மாலை வந்து சேர்ந்தால் அன்றைய இரவுச் சாப்பாடும் அறையும் போயிற்று, காசும் போயிற்று. இணைப்பு விமானம் மதியத்துக்குள் இறங்குவதாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

## மேசைக்கும் அறைக்கும் நடுவே இருப்பவை

நீர்யானை பகலெல்லாம் ஆற்றில் கிடக்கும். தோல் வெயிலில் காய்ந்து வெடிக்கும் என்பதால். இருட்டியதும் கரையேறிப் புல் மேயும். ஒன்றரை டன் எடை, ஓரிரவில் 40 கிலோ வரை புல். லாட்ஜ் புல்வெளிக்குத் தண்ணீர் பாய்ச்சிப் பச்சையாக வைத்திருப்பார்கள். வறட்சிக் காலத்தில் சுற்று வட்டாரத்திலேயே பசும்புல் இருப்பது அங்கேதான். பிறகு அது எங்கே போகும்? தனக்கும் தண்ணீருக்கும் நடுவில் மனிதன் நிற்பதை அது பொறுக்காது. உணவகம் ஆற்றோரத்தில், அறைகள் சற்று மேலே. நடைபாதை நீர்யானை ஆற்றுக்கும் புல்வெளிக்கும் போய்வரும் வழியைச் சரியாகக் குறுக்கே வெட்டுகிறது. டார்ச்சோடு ஒருவர் கூட வருவதன் காரணம் இவ்வளவுதான்.

பல லாட்ஜ்களுக்கு வேலி இல்லை. யானை தாண்ட முடியாதபடி மின்கம்பி கட்டியிருந்தாலும், அதற்குக் கீழே நுழைந்து வரும் விலங்குகள் உண்டு. அறையில் ஊதுகொம்போ விசிலோ தொலைபேசியோ வைத்திருப்பார்கள். இரவில் பசித்தால் சமையலறைக்கு நடந்து போகாமல் அதைப் பயன்படுத்த வேண்டும்.

சாப்பாட்டுத் தளம் தரையிலிருந்து தூக்கிக் கட்டியிருப்பதும் அழகுக்காக மட்டும் இல்லை. நைல் முதலை தண்ணீர் விளிம்பில் பதுங்கியிருந்து பாயும். கரையில் இறங்கிப் படம் எடுக்கப் போவது, தட்டில் மிஞ்சியதை ஆற்றில் வீசி மீனை வரவைப்பது இரண்டும் கூடாது. மீன் கூடினால் அதன் பின்னாலேயே அதைத் தின்ன வருவதும் கூடும்.

பகலில் தொல்லை குரங்கு. வெர்வெட் குரங்குகள் சர்க்கரைப் பொட்டலத்துக்குப் பழகியவை. காலைச் சாப்பாட்டு மேசையில் சர்க்கரைக் கிண்ணம் மூடி போட்டு இருக்கும், ரொட்டிக் கூடையின் மேல் துணியைக் கனமான மணி தொங்கவிட்டு மூடியிருப்பார்கள். தட்டை வைத்துவிட்டு ஆம்லெட் வாங்க எழுந்தால், திரும்பி வரும்போது தட்டுதான் இருக்கும். ஒருவர் மேசையில் இருக்க மற்றவர் எழுவது உத்தமம்.

ஆரஞ்சு விஷயம் இன்னும் கடுமையானது. சாம்பேசியின் கீழ்ப்பகுதியில், ஜிம்பாப்வேயின் மானா பூல்ஸ் பூங்காவில் முகாம் போட்டவர்கள் யானைக்கு ஆரஞ்சு கொடுத்துப் பழக்கிவிட்டார்கள். அப்புறம் ஆரஞ்சு வாசனை அடித்தால் யானை காரின் கண்ணாடியை உடைத்துத் தேடத் தொடங்கியது. அந்தப் பூங்காவுக்குள் எலுமிச்சை வகைப் பழங்கள் கொண்டுபோகவே தடை. கூடாரத்துணிச் சுவர் உள்ள எந்த லாட்ஜிலும் இந்த விதியை மதிப்பது நல்லது. ஊரிலிருந்து கொண்டுபோன ஊறுகாய்ப் பாட்டிலையும் முறுக்குப் பொட்டலத்தையும் சமையலறையில் கொடுத்து வைக்கச் சொன்னால் வைத்துக்கொள்வார்கள்.

## தட்டில் இருக்கும் இறைச்சி எந்தக் காட்டு விலங்கு?

"காலையில் பார்த்த குடு மானை இரவில் சமைத்துவிட்டார்களா?" என்ற கேள்வி அடிக்கடி எழும். இல்லை. தேசியப் பூங்கா விலங்கை லாட்ஜ் தொட முடியாது. மெனுவில் உள்ள குடு, ஓரிக்ஸ், ஸ்பிரிங்பாக், ஈலண்ட் ஆகிய மான் வகைகள் பெரும்பாலும் நமீபியா, தென்னாப்பிரிக்காவின் தனியார் பண்ணைகளிலிருந்து வருகின்றன. நமீபியாவில் 1960-களின் இறுதியிலிருந்தே பண்ணையாளர் தம் வேலிக்குள் இருக்கும் காட்டு விலங்குகளின் மீது உரிமை பெற முடிந்தது. தென்னாப்பிரிக்காவில் 1991-இல் ஒரு சட்டம் அந்த உரிமையை உறுதிசெய்தது. அதனால் மாடு வளர்த்த நிலத்தில் மான் வளர்க்கும் தொழில் பெருகியது. முதலைக்கறி முதலைப் பண்ணையிலிருந்து வருவது. தோலுக்காக வளர்க்கிறார்கள். வால் கறி உபரி வருமானம்.

இங்கேதான் கோமாரி வேலி நுழைகிறது. வட போட்ஸ்வானா, நமீபியாவின் வடகிழக்குப் பகுதிகளில் காட்டெருமைகள் கோமாரி வைரஸைத் தம் உடம்பில் சுமந்தும் நோயில்லாமல் திரிகின்றன. மாட்டுக்கு ஒட்டினால் மாடு படுக்கும். போட்ஸ்வானாவின் மாட்டிறைச்சி ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகிறது. நோய் பரவினால் அந்தச் சந்தை மூடிக்கொள்ளும். எனவே 1958-இல் கூக்கே வேலியில் தொடங்கி நாடு முழுக்க கால்நடை வேலிகள் போடப்பட்டன. நமீபியாவில் இதன் பெயர் "சிவப்புக் கோடு". விதி ஒரு திசைக்கானது:

1. நோயில்லாத தெற்கிலிருந்து வடக்கே இறைச்சி வரலாம். லாட்ஜின் ஸ்டேக் இப்படித்தான் வருகிறது.
2. வடக்கிலிருந்து தெற்கே பச்சை இறைச்சி போகக் கூடாது. சோதனைச் சாவடியில் குளிர்பெட்டியைத் திறந்து பார்த்து எடுத்துக்கொள்வார்கள்.
3. சாவடியில் வண்டிச் சக்கரம் மருந்துநீரில் இறங்கி ஏறும். பயணிகள் இறங்கி, போட்டிருக்கும் செருப்போடு ஈரப் பாயில் மிதிக்க வேண்டும். சில இடங்களில் பையில் உள்ள மற்ற செருப்புகளையும் எடுக்கச் சொல்வார்கள்.

சுயமாகக் கார் ஓட்டிக்கொண்டு லாட்ஜ் லாட்ஜாகப் போகிறவர்கள், தெற்கே திரும்பும் நாளுக்கு முன் வாங்கிய இறைச்சியை வேகவைத்துவிட வேண்டும். இல்லையேல் சாவடியில் தானம்.

மான் கறி எப்படிச் சமைக்கச் சொல்வது? அதில் கொழுப்பு மிகக் குறைவு. ஆட்டுக்கறி மாதிரி "நன்றாக வேகட்டும்" என்று சொன்னால் இடுப்புப் பகுதித் துண்டு செருப்புத் தோலாகிவிடும். உள்ளே 55 – 57 டிகிரி செல்சியஸில் நிறுத்தினால் மென்மையாக இருக்கும். உள்ளே சிவப்பாக இருப்பது பிடிக்காது என்றால் ஸ்டேக்கை விட்டுவிட்டு, நெடுநேரம் வேகும் குழம்பு வகையைக் கேளுங்கள். காட்டுப்பன்றி விஷயம் வேறு: ஒட்டுண்ணி அபாயம் இருப்பதால் உள்வெப்பம் 71 டிகிரி தாண்டியே ஆக வேண்டும்.

ஹலால் உண்பவர்களுக்கு: பண்ணை மான்கள் பெரும்பாலும் துப்பாக்கியால் சுடப்பட்டவை. கோழியும் மாட்டிறைச்சியும் ஹலால் முத்திரையோடு வருவது தென்னாப்பிரிக்கப் பகுதியில் சாதாரணம். பொட்டலத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

## மீன்: "பிரீம்" என்றால் ஜிலேபி

மெனுவில் "சாம்பேசி பிரீம்" என்று கம்பீரமாக நிற்பது திலாப்பியா குடும்பம். தமிழ்நாட்டில் ஜிலேபி மீன் என்று ஏரிக்கரையில் விற்கப்படுவதன் சொந்தக்காரன். நம் ஜிலேபியின் பூர்வீகமே சாம்பேசியின் கீழ்ப்பகுதியும் மொசாம்பிக் கரையோர ஆறுகளும்தான். 1952-இல் இந்தியாவுக்கு வந்து, குளம் குளமாகப் பரவி, உள்ளூர் மீனைத் துரத்தியது தனிக்கதை.

தட்டில் வரும் பிரீம் கண்முன் ஓடும் ஆற்றில் பிடித்தது என்று நம்ப வேண்டாம். ஜாம்பியா, ஜிம்பாப்வே எல்லையில் உள்ள கரிபா ஏரியில் கூண்டுகளில் வளர்க்கப்படும் நைல் திலாப்பியா பரவலாகக் கிடைக்கிறது. ஒரே அளவில், ஆண்டு முழுதும் வரும் என்பதால் சமையலறைகள் அதை விரும்புகின்றன. ஜாம்பியாவில் டிசம்பர் 1 முதல் பிப்ரவரி இறுதி வரை இனப்பெருக்கக் காலத்துக்காக ஆற்று மீன்பிடிக்குத் தடை. அந்த மாதங்களில் "இன்று பிடித்தது" என்று யாராவது சொன்னால் ஒரு புன்னகையோடு கேட்டுக்கொள்ளலாம்.

கபெண்டா என்பது நெத்திலி அளவு மீன். தங்கன்யீக்கா ஏரியிலிருந்து 1960-களின் இறுதியில் கரிபாவில் விடப்பட்டது. இரவில் விளக்கைக் காட்டி வலையில் அள்ளுவார்கள். காயவைத்துப் பொரித்தால், கண்ணை மூடிக்கொண்டு நெத்திலி வறுவல் என்று சாப்பிடலாம்.

## காய்கறியும் சைவச் சாப்பாடும்

கசானே தலைநகர் கபரோனிலிருந்து சாலை வழி 900 கி.மீ.க்கு மேல். குடைமிளகாயும் காளானும் பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தவை. 2022 ஜனவரியில் போட்ஸ்வானா அரசு உள்ளூர் விவசாயிகளைக் காக்க 16 வகைக் காய்கறிகளின் இறக்குமதியை நிறுத்தியது. தக்காளி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், கேரட், வெங்காயம், பூண்டு, இஞ்சி, மஞ்சள், மிளகாய் எல்லாம் அதில் இருந்தன. பின்னர் தடை நீட்டிக்கப்பட்டது. 2024 தேர்தலில் ஆட்சி மாறிய பிறகு, 2025-இல் தளர்த்தத் தொடங்கினார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் லாட்ஜ் சமையல்காரர்களுக்கு இஞ்சி பூண்டு கிடைப்பதே ஒரு சீசன் விவகாரமாக இருந்தது. பட்டியலில் இருந்த காய் தட்டில் மாறி வந்தால் சமையல்காரரைத் திட்டுவதற்கு முன் இந்தப் பின்னணி நினைவிருக்கட்டும்.

சரக்கு லாரி பெரும்பாலும் வாரம் ஒருமுறைதான். எனவே உணவுப் படிவத்தை இரண்டு வாரம் முன்பே அனுப்புவது முக்கியம். வந்து இறங்கிய பிறகு "நான் சைவம்" என்றால் அன்றிரவு கிடைப்பது பூசணியும் பாஸ்தாவும்.

படிவத்தில் "வெஜிடேரியன்" என்று மட்டும் எழுதினால் என்ன தவறும்?

1. அந்தப் பக்கத்தில் "இறைச்சி" என்றாலே மாடு, ஆடுதான். கோழியைத் தனியாகச் சொல்லாவிட்டால் கோழி வரும். மீனும் அப்படியே.
2. பீன்ஸ் குழம்பிலும் கீரையிலும் மாட்டு எலும்புச் சாறுக் கட்டி கரைத்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது.
3. மூஸ், ஜெல்லி வகை இனிப்புகளில் ஜெலட்டின். கேக்கிலும் மால்வா புட்டிங்கிலும் முட்டை.

ஆகவே இப்படி எழுதுங்கள்: "இறைச்சி, கோழி, மீன், இறால், முட்டை எதுவும் கூடாது. எலும்புச் சாறு, ஸ்டாக் கட்டி, ஜெலட்டின் கூடாது. பால், தயிர், வெண்ணெய் சாப்பிடுவேன். சோறு, பருப்பு, பீன்ஸ், காய் போதும்." கடைசி வாக்கியம்தான் சமையல்காரரின் வயிற்றில் பால் வார்க்கும். எது கூடாது என்று மட்டும் கேட்டுக் கேட்டு அவருக்கு அலுத்திருக்கும்.

உள்ளூர்ச் சமையலில் சைவத்துக்கு நல்லது நிறைய உண்டு. பஃபேயில் ஓரமாக, பெயர்ப்பலகை இல்லாமல் இருக்கும். டிக்கோபே என்பது சோளத்தையோ உடைத்த மக்காச்சோளத்தையோ பயறோடு வேகவைத்தது. மொரோகோ கீரை, குறிப்பாகத் தட்டைப்பயறு இலையில் செய்தது. ஜிம்பாப்வேயில் கீரையை வேர்க்கடலை விழுதில் வதக்குவார்கள். ஜாம்பியாவில் அதே யோசனைக்குப் பெயர் இஃபிசாஷி. மடிலா என்பது புளித்த பால், கெட்டித் தயிர் மாதிரி. வெள்ளைச் சோறு எல்லா லாட்ஜிலும் உண்டு. சோற்றில் மடிலாவும் உப்பும் போட்டுப் பிசைந்தால் என்ன வரும் என்று தமிழருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மெனுவில் "கறி" இருந்தால் அது டர்பன் வழி வந்தது. 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து டர்பனில் கரையேறிய ட்ரூரோ கப்பலில் வந்த ஒப்பந்தக் கூலிகளின் அடுப்பிலிருந்து கிளம்பி, நூறாண்டில் தென்னாப்பிரிக்கா முழுக்கப் பரவிய மசாலா. லாட்ஜுக்கு வந்து சேரும்போது காரம் பாதியாகி, பழச் சட்னி சேர்ந்து இனிப்பாகிவிடும். பக்கத்தில் நறுக்கிய வாழைப்பழமும் தேங்காய்த்துருவலும் வெங்காயத் தக்காளியும் சிறு கிண்ணங்களில் வரும். அவற்றை "சம்பல்" என்பார்கள். காரம் வேண்டுமென்றால் மிளகாயைத் தனியே கேளுங்கள். சமையலறையில் பணியாளர்களுக்கென்று ஒரு பாட்டில் எப்போதும் இருக்கும்.

## போமா இரவு: மூன்றுகால் சட்டியின் கணக்கு

வாரத்தில் ஓரிரு நாள் உணவகத்தை விட்டு போமாவில் சாப்பாடு. மரக்கழிகளை நட்டு வட்டமாக அடைத்த திறந்தவெளி, நடுவில் தீ. மோப்பானே போன்ற கனத்த மரத்தின் தணல் நெடுநேரம் நிற்கும் என்பதால் அதைத்தான் விரும்புவார்கள்.

அங்கே தவறவிடக் கூடாதது செஸ்வா. எலும்போடு மாட்டுக்கறியோ ஆட்டுக்கறியோ, தண்ணீர், உப்பு. வேறொன்றும் இல்லை. மூன்றுகால் இரும்புச் சட்டியில் நான்கு மணி நேரம் மெல்லக் கொதிக்கும். தண்ணீர் முழுவதும் வற்றும் தறுவாயில் எலும்பை எடுத்துவிட்டு, மரக்கட்டையால் நார் நாராக இடித்து, அதே கொழுப்பில் லேசாகப் புரட்டுவார்கள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஆண்கள் சமைப்பது இது. மிளகாய் தேடும் நாக்குக்கு முதல் கவளம் சப்பென்று இருக்கும். மூன்றாவது கவளத்தில் பிடிபடும்.

கூட வருவது மக்காச்சோளக் களி. தென்னாப்பிரிக்காவில் பாப், ஜிம்பாப்வேயில் சட்சா, ஜாம்பியாவில் இன்ஷிமா, போட்ஸ்வானாவில் பாலேச்சே. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 350 முதல் 400 கிராம் மாவு. கொதிநீரில் மாவை நேராகக் கொட்டினால் கட்டி தட்டும். கொஞ்சம் மாவைக் குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றிக் கூழாக்கி, கால் மணி நேரம் கொதித்த பிறகே மீதி மாவைத் தூவிக் கிண்டுவார்கள். கேழ்வரகுக் களி கிண்டத் தெரிந்தவருக்கு இதில் கற்க ஒன்றுமில்லை. வலக்கையால் கிள்ளி உருட்டி, கட்டைவிரலால் குழித்து, குழம்பை அள்ள வேண்டும். கைகழுவக் கிண்ணம் மேசையைச் சுற்றி வரும். முள்கரண்டி எடுத்தால்தான் விநோதமாகப் பார்ப்பார்கள்.

பொரித்த மோப்பானே புழு ஒரு கிண்ணத்தில் வரும். உண்மையில் அது புழு இல்லை, ஓர் அந்துப்பூச்சியின் கம்பளிப்புழுப் பருவம். மோப்பானே இலையைத் தின்று வளரும். பிடித்து, குடலைப் பிதுக்கி, உப்புநீரில் வேகவைத்து, வெயிலில் காயவைப்பார்கள். பிறகு வெங்காயம் தக்காளியோடு வதக்குவது. சாப்பிடத் துணிகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இறால், நண்டு ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் பூச்சிகளும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

## மங்கிய விளக்கும் ஈசலும்

மேசையில் விளக்கு மங்கலாக இருப்பதைக் காதல் அலங்காரம் என்று நினைப்பார்கள். பாதி உண்மை. வெள்ளை விளக்கு பூச்சியை இழுக்கும், மஞ்சள் விளக்கு குறைவாக இழுக்கும். நவம்பரில் முதல் மழை பெய்த மறுநாள் மாலை ஈசல் புற்றிலிருந்து கிளம்பினால், சூப்பில் இறக்கை மிதக்கும். அனுபவமுள்ள லாட்ஜில் உடனே தளத்து விளக்கை அணைத்துவிட்டு, தள்ளித் தோட்டத்தில் ஒரு விளக்கை மட்டும் எரியவிட்டு, மெழுகுவர்த்தியில் பரிமாறுவார்கள். தோட்டத்து விளக்கடியில் பணியாளர்கள் ஈசலை வாளியில் அள்ளுவது தெரிந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். நம் கிராமங்களைப் போலவே அவர்களும் வறுத்துத் தின்பார்கள்.

மலேரியா பரப்பும் அனாஃபிலஸ் கொசு கடிப்பது அந்தி முதல் விடியல் வரை. இரவுச் சாப்பாட்டு நேரம் அதற்குள்தான் அடங்குகிறது. நவம்பர் முதல் மே வரை அபாயம் அதிகம். முழுக்கை சட்டை, கணுக்காலை மூடும் துணி, கொசுவிரட்டி. மேசைக்கடியில் இருக்கும் கால்தான் அதிகம் கடிபடும் இடம், பலர் கைக்கு மட்டும் பூசிவிட்டு உட்காருகிறார்கள். மாத்திரையை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுத் தொடங்க வேண்டும்.

ஜூன், ஜூலையில் தலைகீழ். அதிகாலை வெப்பம் 10 டிகிரிக்கும் கீழே போகும். திறந்த தளத்தில் இரவு உட்கார ஸ்வெட்டர் தேவை. கம்பளியும் வெந்நீர்ப் பையும் கொடுப்பார்கள்.

## கடைசி நாள்: டிப்ஸ், நோட்டு, பில்டாங்

1. டிப்ஸ் இரண்டாகப் பிரியும். வழிகாட்டிக்குக் கையில் நேரடியாக. பலர் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 அமெரிக்க டாலர் என்று கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். சமையல்காரர், பாத்திரம் கழுவுபவர், இரவுக் காவலர் எல்லாருக்கும் சேர்த்து வரவேற்பறையில் ஒரு பெட்டி. டார்ச் பிடித்துக் கூட வந்தவருக்கும் அந்தப் பெட்டியில்தான் பங்கு.

2. டாலர் கொடுப்பதென்றால் 1, 5, 10 நோட்டுகள் கொண்டுபோங்கள். கிழிசல், கசங்கல், பழைய வரிசை நோட்டு பல இடங்களில் வாங்க மாட்டார்கள். போட்ஸ்வானாவில் பூலா கொடுப்பதே பணியாளருக்கு வசதி. டாலரை மாற்ற அவர் கசானே வங்கியில் வரிசையில் நிற்க வேண்டும். அந்த நாணயத்தின் பெயருக்கு மழை என்று பொருள்.

3. பானங்களின் பில்லை முந்திய இரவே கேட்டு வாங்கிச் சரிபார்த்துவிடுங்கள். காலை ஐந்து மணிக்கு இருட்டில் அறை எண் மாறி ஏறிய பியரைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

4. விடியற்காலையில் கிளம்புகிறவர்கள் காலைச் சாப்பாட்டுக்குப் பதிலாகப் பொட்டலம் கேட்கலாம். முந்திய நாள் மாலைத் தேநீர் நேரத்துக்குள் சொல்ல வேண்டும். இரவு ஒன்பதுக்குச் சொன்னால் ஆப்பிளும் பிஸ்கட்டும்தான் மிஞ்சும்.

5. பில்டாங் எனும் உப்பிட்டு உலர்த்திய இறைச்சி லாட்ஜ் கடையில் அழகான பொட்டலத்தில் இருக்கும். எல்லைச் சாவடியிலோ வந்திறங்கும் விமான நிலையத்திலோ பிடுங்கிக்கொள்ள நிறைய வாய்ப்பு. வாங்கினால் ஆற்றைப் பார்த்துக்கொண்டே அங்கேயே தின்று முடித்துவிடுவது மேல்.